சுகிர்தாவின் போன்

காரைக்காலில் பிராந்திப் பெட்டி இல்லாத வீடு ஒன்றை எனக்குக் காட்டுங்கள் பார்க்கலாம். குடிக்கிற வீடு, குடிக்காத வீடு என்கிற பேதமே இல்லை. ஒயின் ஷாப்பில் காலி அட்டைப்பெட்டிகளைக் கட்டுக் கட்டாகத் தள்ளிவிடுவார்கள். கெட்டி அட்டை, நமத்துப் போகாது. வீடு மாற்றுகிறவர்கள் பாத்திரம் கட்டுவது அதில்தான். நவராத்திரி முடிந்ததும் கொலு பொம்மைகள் பரணுக்கு ஏறுவது அதில்தான். கோயில்பத்தில் ஒரு மாதா கோயிலில் குடில் பொம்மைகளைக்கூட அதில் அடுக்கி வைத்திருப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ராஜாவும் ஆட்டுக்குட்டியும் விஸ்கிப் பெட்டியில் வருஷம் முழுக்கத் தூங்கும். யாரும் தப்பாக நினைப்பதில்லை.

இது தெரியாத ஒருத்தன் இந்த ஊரில் எஸ்.ஐ.யாக இருக்க முடியுமா? முடியாது. அதனால் அவன் தெரியாமல் எங்கள் வீட்டுக்கு வந்தான் என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

சுரக்குடியில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். என் வீட்டுக்காரர் சிவசுப்பிரமணியன் சம்பா அறுப்புக்கு முன்னால் தெளித்த உளுந்தை அவன் வந்த அந்த மாசம்தான் அடித்துத் தூற்றினார். சாக்கு போதவில்லை என்று மிச்சத்தைப் பிராந்திப் பெட்டிகளில் கொட்டி, குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து பட்டப்பகலில் வாசலில் இறக்கினார். எவனோ ஒரு புண்ணியவான் போலீசுக்குப் போன் போட்டுவிட்டான். தேர்தல் வரப் போகிறது, தமிழ்நாட்டுப் பக்கம் சரக்கு கடத்துகிறார்கள், பெட்டி பெட்டியாக இறங்குகிறது என்று. அவர்களுக்கும் கணக்குக் காட்ட ஏதாவது ஒரு வீடு வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் மீன் அலசிக்கொண்டிருந்தேன். அவர் வயலுக்குப் போயிருந்தார். என் மகள் சுகிர்தா தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். நர்சிங் மூன்றாம் வருஷம். எஸ்.ஐ. ஒருத்தன், சிவப்புத் தொப்பிக் காவலர்கள் மூன்று பேர். பெண் போலீஸ் ஒருத்தர்கூட இல்லை. "யாருங்க, என்ன வேணும்?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் பூட்ஸ் காலோடு கூடத்துக்குள் நின்றார்கள்.

"சரக்கு எங்க வச்சிருக்க?"

"என்ன சரக்கு? நீங்க யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?"

"அதெல்லாம் அப்பறம் பேசலாம். நவுரு."

பரண் மேல் ஏறினார்கள். ஒவ்வொரு பெட்டியாக இழுத்துக் கீழே தள்ளினார்கள். உளுந்து வீடு முழுக்க ஓடியது. செட்டியார் பொம்மைக்குக் கழுத்து போயிற்று. முதல் பெட்டியிலேயே தெரிந்துவிட்டதே உளுந்துதான் என்று! அதோடு போயிருக்கலாமே! போகவில்லை. போனால் தப்பு பண்ணிவிட்டோம் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் இல்லையா? அதனால் பீரோவைத் திறந்தார்கள். என் புடவைகளை உருவிப் போட்டார்கள். எஸ்.ஐ. என் மகளின் அலமாரியைத் திறந்து அவளுடைய உள்ளாடைகளை லத்தியால் தூக்கிப் பார்த்தான். அதற்குள் எந்தப் பெட்டிச் சரக்கை ஒளித்து வைக்க முடியும்? சொல்லுங்கள். மீன் அரிவாள்மனையைக் கையில் எடுக்காமல் எழுந்து வந்தது நல்லதாய்ப் போயிற்று என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

சுகிர்தா அழவில்லை. சுவரோரம் நின்று தன் போனில் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். சோதனை போடுகிறவர்கள்தான் முழுசையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று இப்போது சட்டமே இருக்கிறது. அவர்கள் எடுக்கவில்லை, அதனால் இவள் எடுத்தாள். இதில் என்ன குற்றம்? எஸ்.ஐ. திரும்பிப் பார்த்தான்.

"என்னையே வீடியோ எடுக்கறியா?"

போனைப் பிடுங்கினான். பூட்டியிருந்தது. என் மகளின் கையை இழுத்து, கட்டை விரலைப் பிடித்து அதில் வைத்து அழுத்தினான். நான் பெற்று வளர்த்த பெண்ணின் கையை ஒரு அந்நிய ஆம்பளை என் கண் முன்னாலேயே பிடித்து அழுத்தினான். வீடியோவை அழித்தான். அழித்ததும் திருப்பிக் கொடுத்திருக்கலாம். விரலால் தள்ளித் தள்ளி அவளுக்கு வந்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தான். வாசலில் தெருவே கூடிவிட்டிருந்தது. அவர்களுக்கும் கேட்கட்டும் என்று உரக்கப் படித்தான்.

"ஆன்டோவாம். 'சாப்டியா'வாம். இவ 'நீ சாப்டியா'ங்கறா. சோத்துக் கவலைதான் போல ரெண்டு பேருக்கும்."

சிவப்புத் தொப்பிக்காரர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததைக்கூட மன்னித்துவிடுவேன், சம்பளத்துக்குச் சிரிக்கிறார்கள். வாசலில் நின்ற எங்கள் தெருக்காரர்களில் இரண்டு பேர் சிரித்தார்களே, அவர்களை மன்னிக்க மாட்டேன்.

போகும்போது போனையும் எடுத்துக்கொண்டு போனான். அதோடு என் வீட்டுக்காரருடைய ஞாயிற்றுக்கிழமைக் குவார்ட்டர் ஒன்று அலமாரியில் இருந்தது. அதை வைத்திருப்பது எங்கள் ஊரில் குற்றமே இல்லை. அதையும் எடுத்துக்கொண்டு போனான். எதற்கும் ஒரு துண்டுத் தாள் கிடையாது. சாட்சி என்று யாரையும் உள்ளே கூப்பிடவில்லை. என்ன காரணத்துக்காக வந்தோம் என்று எழுதிக் காட்டவில்லை.

எதிர்வீட்டுத் தையல்நாயகி அக்கா உளுந்து பொறுக்க வந்தாள். பொறுக்கிக்கொண்டே, "ஒண்ணுமில்லாமயா தாமர வருவாங்க?" என்றாள்.

"உளுந்து இருந்துச்சு. பாத்தீங்கல்ல?"

"அதில்லடி. பொண்ணு போன்ல ஏதோ..."

"நீங்க எந்திரிச்சுப் போங்கக்கா. உளுந்தை நான் பொறுக்கிக்கிறேன்" என்றேன்.

சாயங்காலம் அவர் வயலிலிருந்து வந்தார். உடைந்ததையெல்லாம் பார்த்தார். தெருவில் எல்லாம் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி எஸ்.ஐ.யைப் பற்றி இல்லை. "யாரு அந்த ஆன்டோ?"

கூடப் படிக்கிற பையன். கருக்களாச்சேரிப் பக்கத்துப் பிள்ளை. வார்டு டூட்டியில் இரண்டு பேரும் ஒரே ஷிஃப்ட். அவ்வளவுதானா, அதற்கு மேலும் ஏதாவது உண்டா என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்றால் அவளே என்னிடம் சொல்லுவாள். ஒரு எஸ்.ஐ. வந்து படித்துக் காட்டித்தான் எங்கள் வீட்டுச் சேதி எங்களுக்குத் தெரிய வேண்டுமா? இதை அவரிடம் கத்தியே சொன்னேன். அன்றிலிருந்து அவர் மகளோடு பேசவில்லை. அவள் சோறு போட்டால் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு எழுந்தார். வீட்டுக்குள் வந்தவர்கள் அன்றைக்கே போய்விட்டார்கள் என்று பேர். எங்கே போனார்கள்?

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனோம், நானும் அவளும். "அப்படி ஒரு போனே இங்க வரலியேம்மா" என்றார் ரைட்டர். எடுத்ததற்கு ரசீது இருக்கிறதா என்று எங்களையே கேட்டார். கொடுக்காத ரசீதுக்கு நான் எங்கே போவேன்? திருநள்ளாற்றில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்து ஆபீசில் எனக்கு வேலை. மனு எழுதத் தெரியும். மேலதிகாரிகள் அத்தனை பேருக்கும் பதிவுத் தபாலில் எழுதினேன். கிடைத்தது என்று அட்டை வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

சுகிர்தாவின் பாடக் குறிப்புகள், வார்டில் எடுத்த படங்கள், பரீட்சை அட்டவணை எல்லாமே அந்த போனில். ஆனால் அவளைத் தின்றது அதெல்லாம் இல்லை. "அம்மா, இப்ப யாரும்மா அதைப் பாத்துக்கிட்டிருப்பா?" என்று கேட்டாள். குளித்துவிட்டு வருவாள், கேட்பாள். பஸ்ஸுக்குக் கிளம்புவாள், செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பாள்.

இந்த நிலைமையில் தேர்தல் வந்தது.

இருக்கிற எம்.எல்.ஏ. குணாளனுக்கு எங்கள் தெருவில் ஆள், என் வீட்டுக்காரருக்குப் பங்காளி முறை வருகிற சிவக்குமார். ஒருநாள் அவன் வந்து, "அண்ணி, தலைவர்கிட்ட சொல்லிட்டேன். போன் வந்துரும்" என்றான்.

"எப்படி வரும்? ஸ்டேஷன்ல இல்லவே இல்லைன்னாங்களே."

"அதெல்லாம் ஒங்களுக்கு எதுக்கு? வந்துரும்."

அதற்குக் கைம்மாறாக என்ன என்று அவன் என்னிடம் சொல்லவில்லை. அதை என் வீட்டுக்காரரிடம் முன்னாடியே பேசி முடித்திருந்தான். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கட்சிக்காரர்கள் வீட்டுக்கு ஒரு ஆம்பளையைப் பிடாரி கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், தட்டில் சூடம் கொளுத்தி, அதன் மேல் உள்ளங்கையைக் காட்டி, இத்தனை ஓட்டும் உங்களுக்குத்தான் என்று சத்தியம் வாங்குவார்கள். அவர் போய்ச் சூடத்தில் கை வைத்துவிட்டு வந்தார். எங்கள் வீட்டில் மூன்று ஓட்டு. மூன்றுக்கும் சேர்த்து. அதோடு, நான் அனுப்பின மனுவையும் வாபஸ் வாங்குவதாக ஒத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"என் ஓட்டை நீங்க யாரைக் கேட்டுச் சத்தியம் பண்ணினீங்க?"

"போன் வேணுமா வேணாமா?"

"நம்ம போனை நமக்குத் தர்றதுக்கு நாம ஓட்டு குடுக்கணுமா? எடுத்தவன் யாரு?"

"எடுத்தவன்கிட்ட மல்லுக்கு நிக்க நம்மளால முடியுமா தாமர? பொம்பளப் புள்ள போன். அதுல என்னென்ன இருக்கோ. நாலு பேரு கைக்குப் போறதுக்குள்ள வாங்கிடணும்னு பாக்கறேன்."

அவ்வளவு நாளும் மகளோடு பேசாமல் இருந்தது வெறும் கோபம் இல்லை, பயம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்ததால் மட்டும் என் கோபம் தணிந்துவிடவில்லை. சரி, போன் வரட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

குணாளன் எங்கள் தெருவுக்கு ஓட்டு கேட்டு வந்த அன்றைக்கு, ஆரத்தி எடுக்க என்னையே நிற்கச் சொன்னான் சிவக்குமார். நின்றேன். மஞ்சள் கரைத்து, சுண்ணாம்பு போட்டு, வெற்றிலையில் சூடம் வைத்துத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன். போனுக்காக நின்றேன், வேறு எதற்கும் இல்லை. பட்டாசு வெடித்தது. மேளம் வந்தது. குணாளன் கைகூப்பிக்கொண்டே நடந்து வந்தார். நான் தட்டைச் சுற்றினேன். வழக்கமாக அந்தத் தட்டில் கட்சிக்காரன் எவனாவது மடித்த நோட்டுப் போடுவான். குணாளன் தன் வெள்ளைச் சட்டைப் பையில் கையை விட்டார். என் மகளுடைய போனை எடுத்தார். ஆரத்தித் தட்டில், தண்ணி எட்டாத விளிம்பில், வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"போதுமா தங்கச்சி? சொன்னா செய்வேன். நம்ம புள்ள போனு, நம்ம வீட்டுக்கே வந்துருச்சு."

தெரு கை தட்டியது. கூட வந்த பையன்கள் வீடியோ எடுத்தார்கள். என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். இல்லவே இல்லை என்று ஸ்டேஷனில் சொன்ன போன் இந்த ஆள் சட்டைப் பைக்கு எப்படி வந்தது என்று அத்தனை பேரில் ஒருவருக்காவது கேட்கத் தோன்றியதா? எம்.எல்.ஏ. எவ்வளவு நல்லவர் என்றுதான் பேசிக்கொண்டார்கள். தையல்நாயகி அக்கா கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள்.

சுகிர்தா வாசற்படியிலிருந்து இறங்கி வந்தாள். தட்டிலிருந்து போனை எடுத்து, பக்கத்துப் பொத்தானை அமுக்கினாள். வெளிச்சம் வந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குணாளனை நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், இது எங்க வீட்டைவிட்டுப் போய் ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு."

"அதான் வந்துருச்சேம்மா."

"சார்ஜ் ஃபுல்லா இருக்கு."

குணாளனுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. தட்டு சரிந்து ஆரத்தித் தண்ணி என் புடவையில் கொட்டியது. ஒரு மாசம் சும்மா கிடந்த போன் செத்துக் கிடந்திருக்க வேண்டும். எவனோ ஒருத்தன் தினம் தினம் சார்ஜ் போட்டு, நோண்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

சுகிர்தா போனைத் திரும்பவும் தட்டிலேயே வைத்தாள். "இதை எடுத்தவரு கையாலயே குடுக்கச் சொல்லுங்க சார். எதுக்கு எடுத்தாரு, இத்தனை நாளும் யாரு வச்சிருந்தா, யாரு தொறந்தா, எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டுக் குடுக்கச் சொல்லுங்க. நீங்க குடுத்தா நான் வாங்கிக்க மாட்டேன். எங்க வீட்லேர்ந்து எடுத்தது நீங்களா?"

கைதட்டல் நின்றது. மேளக்காரன் மட்டும் விஷயம் எட்டாமல் அடித்துக்கொண்டிருந்தான். குணாளனின் முகத்தில் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது, கண் மாறிவிட்டது. "படிச்ச புள்ள. கோவம் இருக்கும்ல" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். தட்டில் கிடந்த போனை யாரும் தொடவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு சிவக்குமார் ஓடி வந்து அதை எடுத்து வேட்டி மடிப்பில் செருகினான். "கொழுப்பு அண்ணி, ஒங்க வீட்ல எல்லாருக்கும்" என்று என்னிடம் பல்லைக் கடித்தான்.

"கொழுப்புதான். போ. எங்கேர்ந்து எடுத்தியோ அங்க கொண்டு போயி வையி."

வீட்டுக்குள் வந்ததும் என் வீட்டுக்காரர் குதித்தார். "கைக்கு வந்ததைத் தூக்கிக் குடுத்துட்டு நிக்கறாளே! இனிமே எப்படி வரும்?" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் சார்ஜ் விஷயத்தைச் சொன்னேன். முதலில் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் அப்படியே உட்கார்ந்தார். "சோறு போடும்மா" என்று மகளைப் பார்த்துச் சொன்னார். அவ்வளவு நாளுக்கு அப்புறம் அவளோடு பேசின முதல் பேச்சு அதுதான்.

பையன்கள் எடுத்த வீடியோ எப்படியோ ஊரெல்லாம் போய்விட்டது. அன்றைக்குச் சாயங்காலமே எதிர்த்து நிற்கிற இளவழகன் கார் எங்கள் வாசலில் நின்றது. ஆப்பிளும் ஆரஞ்சுமாக வந்தார். "அக்கா, தங்கச்சி நம்ம மேடைக்கு ஒரு தடவை வந்து பேசட்டும். சர்க்கார் கவுந்துரும்."

"வரட்டும். நீங்க ஒண்ணு சொல்லுங்க. ஜெயிச்சா எந்தப் போலீசும் காரணம் எழுதாம, சாட்சி இல்லாம, பொம்பளப் போலீஸ் இல்லாம ஒரு வீட்டுக்குள்ளயும் கால் வைக்க மாட்டான், வச்சா அவன் மேல கேஸ் போட வைப்பேன்னு மைக்ல சொல்வீங்களா?"

இளவழகன் சிரித்தார். "அக்கா, நாம வந்துட்டா ஸ்டேஷன் நம்ம கைல. ஒங்க வீட்டுப் பக்கம் எவன் வருவான்?"

"எங்க வீட்டுக்கு வர மாட்டான். வேற யார் வீட்டுக்குப் போவான்?"

அவருக்கு இந்தக் கேள்வி பிடிக்கவில்லை. வாட்சைப் பார்த்தார். நான் ஆப்பிளையும் ஆரஞ்சையும் எடுத்து அவர் கார் சீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். ஒருத்தருக்குப் போலீஸ் கையில் இருக்கிறது. இன்னொருத்தருக்குப் போலீஸ் கைக்கு வர வேண்டும். இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று எனக்கு ஒரு ஓட்டு. இதற்கு வரிசையில் வேறு நிற்க வேண்டும்!

"நான் ஓட்டே போடப் போறதில்ல" என்றேன் அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில். "போனாலும் கடைசிப் பட்டன்தான். எவனும் வேணாம்."

"நான் போடுவேன்" என்றாள் சுகிர்தா. அவளுக்கு அது முதல் ஓட்டு. "இருக்கறவரை எறக்கத்தான் போடுவேன்."

"அவன் மட்டும் என்ன யோக்கியமா? கேட்டீல்ல, ஸ்டேஷன் நம்ம கைலங்கறான்."

"யோக்கியம்னு நான் சொல்லலம்மா. இதைச் செஞ்சா எறக்கிடுவாங்கங்கற பயம் அடுத்து வர்றவனுக்கு இருக்கும்ல? அதுக்குத்தான். அவனும் செஞ்சா அவனையும் எறக்கணும். ஓட்டுல வேற என்னம்மா இருக்கு?"

"அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் எறக்கிக்கிட்டே இருப்பியா?"

"நீ என்ன செய்யப் போற, வீட்டுல உக்காந்து திட்டிக்கிட்டே இருப்பியா?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் தலை நிமிராமல், "சூடத்துல கை வச்சது நானு. என் ஓட்டு ஒண்ணு அங்க போயிரும். எனக்குப் பிடாரிக்குப் பயம்" என்றார். பிறகு மோரை ஊற்றிக்கொண்டே, "ஒங்க ரெண்டு பேரு ஓட்டுக்கு நான் சத்தியம் பண்ணது செல்லாது. அதை நான் ஆத்தாகிட்டயே சொல்லிட்டேன்" என்றார். கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஓட்டுப்பதிவு அன்றைக்குக் காலையிலேயே நாங்கள் மூன்று பேரும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். நானும்தான் போனேன். மகள் கேட்ட கேள்வி என்னை வீட்டில் உட்கார விடவில்லை. வெயில் அதற்குள் ஏறிவிட்டது. வரிசை கேட்டைத் தாண்டி ரோட்டில் நின்றது. தெரு முழுக்க அங்கேதான். தையல்நாயகி அக்கா எங்களுக்குப் பின்னால். சிவக்குமார் சீட்டு எழுதிக் கொடுக்கிற பந்தலில்.

கேட்டுக்கு உள்ளே ஒரு மேஜை. பூத்துக்குள் போன் கொண்டு போகக் கூடாதில்லையா? அதனால் எல்லோரும் அங்கே கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கொடுத்தால் நம்பர் போட்ட டோக்கன் தருவார்கள், திரும்பி வரும்போது டோக்கனைக் காட்டிப் போனை வாங்கிக்கொள்ளலாம். மேஜைக்குப் பின்னால் சிவப்புத் தொப்பிக்காரர் ஒருவர் டோக்கனை எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் லத்தியைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நின்றது அந்த எஸ்.ஐ.யேதான். "போனை வச்சிட்டுப் போங்க, போனை வச்சிட்டுப் போங்க" என்று ஓதிக்கொண்டிருந்தான். முகம் பார்த்துச் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி அலுத்திருந்தான்.

ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயந்து என் போனை மேஜையில் வைத்தேன். டோக்கன் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் வைத்தார். அவருக்கும் கொடுத்தார்கள்.

சுகிர்தா கையில் பூத் சீட்டும் அடையாள அட்டையும் மட்டும் இருந்தன.

"போனை வச்சிட்டுப் போம்மா" என்றான் எஸ்.ஐ.

"ஏற்கெனவே வச்சாச்சு சார். ஒங்ககிட்டதான் இருக்கு."

அவன் அப்போதுதான் நிமிர்ந்தான். அவளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கழுத்து சிவந்தது. பின்னால் யாரோ, "என்னது, என்ன சொல்றா?" என்று கேட்டார்கள். தையல்நாயகி அக்கா உரக்க, "அவ போனு அவன்ட்டதான இருக்கு, அதைச் சொல்றா" என்றாள். அந்த அக்காவா இது என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

"சரி சரி. உள்ள போ" என்றான் எஸ்.ஐ. பல்லுக்கு நடுவில்.

சுகிர்தா நகரவில்லை. மேஜைக்காரரிடம் கையை நீட்டினாள்.

"எல்லாருக்கும் டோக்கன் குடுக்கறீங்கள்ல. எனக்கும் ஒண்ணு குடுங்க."

மேஜைக்காரருக்கு வேர்த்தது. டோக்கனை எடுத்தார், திரும்ப வைத்தார், எஸ்.ஐ.யைப் பார்த்தார். எஸ்.ஐ. கேட்டைப் பார்த்தான். ரோடு வரைக்கும் நின்ற ஜனம் அவனைப் பார்த்தது. அன்றைக்கு எங்கள் வாசலில் நின்று பார்த்த அதே ஜனம்தான். இன்றைக்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை. வெயிலில் நேரமாகிறது, நகருங்கள் என்றும் ஒருத்தரும் சொல்லவில்லை.

உள்ளேயிருந்து தேர்தல் அதிகாரி எட்டிப் பார்த்து, "ஏன் வரிசை நிக்குது? அடுத்த ஆளு வாங்கம்மா" என்று கூப்பிட்டார்.

"இதோ வர்றேன் சார்" என்றாள் என் மகள், கையை மடக்காமல். "டோக்கன் வாங்கிட்டு வர்றேன்."